எண் பொருந்தினால் போதுமா? பழைய சோவியத் ரைஃபிள்களின் முத்திரைகளைப் படிப்பது

பென்சில்வேனியாவில் நான் குடியிருந்த தெருவில் ஒரு பெரியவர் பழைய ராணுவ ரைஃபிள்களைச் சேர்த்து வைத்திருந்தார். ஒரு சனிக்கிழமை காலையில் கார் ஷெட்டில் மேசைமேல் வெள்ளைத் துணியை விரித்து, நீளமான ஒரு துப்பாக்கியைக் கிடத்தி வைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். உள்ளே நுழைந்ததும் பழைய கிரீஸ் வாசனை. பேரலின், அதாவது துப்பாக்கிக் குழலின், அடிப்பகுதியில் 1943 என்று இருந்தது. மேலே முக்கோணத்துக்குள் ஓர் அம்பு, கீழே இரண்டு ரஷ்ய எழுத்தும் ஓர் எண்ணும். தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் போல்ட்டிலும் அதே எண் இருந்தது. தோட்டாப் பெட்டியின் அடிமூடியிலும், மரக்கட்டையின் பின்முனையை மூடும் இரும்புத் தகட்டிலும் அதே எண்தான். நான்கும் பொருந்துகிறதே, அப்படியானால் ஆலையிலிருந்து வந்தபடியே இருக்கிறது என்றேன். அவர் பதில் சொல்லவில்லை. மேசை விளக்கைத் தாழ்த்தி, வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி திருப்பி, பூதக்கண்ணாடியை என் கையில் கொடுத்தார்.

போல்ட்டில் எண் இருந்த இடம் சுற்றியுள்ள இரும்பைவிட மயிரிழை அளவு பள்ளமாக இருந்தது. யாரோ தேய்த்த மெல்லிய கோடுகள், அவற்றுக்கு அடியில் முழுதாக அழியாத பழைய 7 ஒன்றின் கால். பின்தகட்டில் ஒளிவுமறைவே இல்லை: பழைய எண்ணின் குறுக்கே ஒரு கோடு, அதன் மேலே புது எண். அடிமூடியில் இருந்ததை அச்சால் அடிக்கவே இல்லை, மின்பேனாவால் கையால் கீறியிருந்தார்கள். நான்கு எண்ணும் ஒன்றுதான். ஆனால் நான்கையும் ஒரே கை, ஒரே நாளில் இடவில்லை.

அந்தத் துப்பாக்கி மோசின்-நாகாண்ட் 91/30. இரண்டாம் உலகப் போரில் செம்படையின் சாதாரணக் காலாட்படை வீரன் தோளில் தொங்கியது இதுதான். இதைச் சேகரிப்பவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். விற்பனைப் பேச்சில் அவர்கள் வாயில் முதலில் வரும் சொல் 'மேட்சிங்', அதாவது எல்லாப் பாகத்திலும் ஒரே எண். அதை நம்பித்தான் பணம் கைமாறுகிறது. எண் பொருந்துவது நல்ல சங்கதிதான். ஆனால் எப்போது பொருந்தியது என்பதை அந்த எண் தானாகச் சொல்லாது.

காரணம் போருக்குப் பிந்தைய ஆண்டுகளில் இருக்கிறது. போர் முடிந்தபோது சோவியத் ஒன்றியத்தின் கையில் லட்சக்கணக்கில் அடிபட்ட ரைஃபிள்கள் இருந்தன. காலாட்படைக்குப் புதிய ஆயுதங்கள் வந்துகொண்டிருந்தன. இருந்தும் பழையதைத் தூக்கி எறியவில்லை. இன்னொரு பெரும்போர் வந்தால் தேவைப்படும் என்று படைக்கலக் கிடங்குகளுக்குக் கொண்டுபோய்ப் பிரித்தார்கள். போல்ட் ஒரு பக்கம், தோட்டாப் பெட்டி ஒரு பக்கம், கட்டை ஒரு பக்கம். தேய்ந்ததை ஒதுக்கி, நல்லதை எடுத்து, கைக்குக் கிடைத்த பாகத்தைச் சரிபார்த்துப் பொருத்தினார்கள். பேரலில் உள்ள எண்தான் அந்தத் துப்பாக்கியின் பெயர். மற்றப் பாகங்களின் பழைய எண்ணைத் தேய்த்தோ கோடு போட்டு அடித்தோ விட்டு, பேரலின் எண்ணை அவற்றில் இட்டார்கள். சேகரிப்பாளர்கள் இதை வலுக்கட்டாயப் பொருத்தம் என்பார்கள். பிறகு கட்டைக்கு அரக்கு வார்னிஷ் பூசி, உலோகம் முழுவதும் கெட்டியான கிரீஸைத் தடவிப் பெட்டியில் அடுக்கினார்கள். பல ரைஃபிள்கள் அந்தப் பெட்டியிலேயே நாற்பது, ஐம்பது ஆண்டு கிடந்தன.

செப்பனிட்ட கிடங்கு தன் முத்திரையையும் விட்டுச் சென்றது. அதிகம் கண்ணில் படுவது ஒரு சிறிய சதுரமும் அதன் குறுக்கே மூலைக்கு மூலை ஒரு கோடும். பேரலின் அடியில் இருக்கலாம், கட்டையிலும் இருக்கலாம். எங்கே பார்த்தாலும் இந்தத் துப்பாக்கி ஒருமுறை பிரித்துக் கோக்கப்பட்டது என்று பொருள். அந்தச் சதுரம் இருந்து, போல்ட் எண்ணின் எழுத்துரு பேரலின் எழுத்துருவிலிருந்து வேறுபட்டால், மேட்சிங் என்ற சொல்லுக்கு யாரும் கூடுதல் விலை கொடுக்க வேண்டியதில்லை. ஆலையிலேயே இட்ட எண்ணில் பேரலின் ரஷ்ய எழுத்து முன்னொட்டும் அதே அச்சில் கூடவே வந்திருப்பதுதான் இயல்பு. கிடங்கில் இட்டதில் பல நேரம் முன்னொட்டு விடுபட்டிருக்கும், அல்லது எண் பெரிதாகவும் ஆழமாகவும் இருக்கும்.

இந்தத் துப்பாக்கியின் பிறப்பே ஒரு பெயர்ச் சிக்கலோடு தொடங்கியது. துலா படைக்கல ஆலையில் இருந்த ரஷ்ய அதிகாரி செர்கேய் மோசினும், பெல்ஜியத்தின் லியேஷ் நகரைச் சேர்ந்த லியோன் நாகாண்டும் ரஷ்யப் படையின் தேர்வுக்குத் தனித்தனியாக ரைஃபிள்களைக் கொடுத்தார்கள். தேர்வான வடிவத்தின் இயக்கப்பகுதி பெரும்பாலும் மோசினுடையது. நாகாண்டின் பங்கும் அதில் சேர்ந்தது. 1891 ஏப்ரலில் ஜார் மூன்றாம் அலெக்சாந்தர் ஒப்புதல் அளித்தபோது இருவர் பெயரும் இல்லாமல் '1891-ஆம் ஆண்டு மாதிரி மூன்று கோட்டு ரைஃபிள்' என்று மட்டுமே பெயர் சூட்டப்பட்டது. கோடு என்பது அன்றைய ரஷ்ய அளவு, அங்குலத்தில் பத்தில் ஒன்று. மூன்று கோடு என்றால் 7.62 மில்லிமீட்டர். நாகாண்டுக்கு 2 லட்சம் ரூபிள் கிடைத்தது, மோசினுக்கு 30 ஆயிரம். மோசின் என்ற பெயர் ரஷ்யாவில் சோவியத் காலத்தில்தான் நிலைத்தது. மோசின்-நாகாண்ட் என்ற இணைப்பெயர் வெளிநாட்டார் வைத்தது. ஆக, பெட்டியில் எழுதியிருக்கும் பெயரைத் துப்பாக்கியின் மேல் தேடினால் கிடைக்காது. முத்திரைகளைத்தான் படிக்க வேண்டும்.

முதலில் ஆலையின் அடையாளம். சோவியத் காலத்து 91/30-ஐச் செய்தவை முக்கியமாக இரண்டே ஆலைகள். மாஸ்கோவுக்குத் தெற்கே துலா, உரால் பக்கம் இஷெவ்ஸ்க். துலாவுக்கு ஐந்துமுனை நட்சத்திரம், சிலவற்றில் நட்சத்திரத்துக்குள் ஓர் அம்பும் இருக்கும். இஷெவ்ஸ்குக்கு முக்கோணத்துக்குள் அம்பு. கோதுமைக் கதிர் சூழ்ந்த அரிவாள் சுத்தியல் தனி, அது ஆலையைச் சொல்வதில்லை, நாட்டைச் சொல்வது. ஜார் காலத்துத் துப்பாக்கி என்றால் ஆலையின் முழுப் பெயரே நீளமாகப் பொறித்திருக்கும், அப்போது செஸ்த்ரொரெத்ஸ்க் என்ற மூன்றாவது ஆலையும் உண்டு. மோசின் கடைசியாகத் தலைமை தாங்கியது அங்கேதான், 1902-ல் காலமானார். ரஷ்ய ஆலைகள் தயாராகும் வரை காத்திருக்க முடியாமல் முதல் 5 லட்சம் ரைஃபிளைப் பிரான்ஸின் ஷாத்தெல்ரோ ஆலையில் செய்யச் சொன்னார்கள். முதல் உலகப் போரின்போது ரெமிங்டனும் நியூ இங்கிலாந்து வெஸ்டிங்ஹவுஸும் அமெரிக்காவில் செய்தன. ஜாருக்காகச் செய்த துப்பாக்கியில் ஆங்கில எழுத்து இருந்தால் திகைக்க வேண்டாம்.

அடுத்து ஆண்டு. பேரலில் ஆண்டுக்குப் பின்னால் ஒரு சின்ன எழுத்து நிற்கும். நம்முடைய ட-வை மேல்கீழாகக் கவிழ்த்தது போன்ற வடிவம். ரஷ்யன் தெரியாதவர்கள் அதை ஆங்கில 'ஆர்' என்று எண்ணி, ஏதோ ரகசியக் குறி என்று மண்டையை உடைத்துக்கொள்வார்கள். ஆண்டு என்பதற்கான ரஷ்யச் சொல் 'கோத்', அதன் முதல் எழுத்து அது. நாம் 1943 ஆ. என்று போடுகிறோமே, அவ்வளவுதான். ரஷ்ய எழுத்தில் நமக்கு ஒரு வசதியும் உண்டு. ப-வைக் கவிழ்த்தால் ரஷ்ய 'ப' வந்துவிடும், வடிவமும் ஒலியும் ஒருசேர. நம்மைத் தடுமாறச் செய்பவை ஆங்கில முகமூடி போட்ட எழுத்துகள்தான். எச் போல இருப்பது 'ன', பி போல இருப்பதில் ஒன்று 'வ', மற்றொன்று 'ர', சி போல இருப்பது 'ஸ'. இதனால் தொடர் எண்ணின் முன்னொட்டை ஆங்கிலமாகப் படித்துக் குறிப்பேட்டில் எழுதி வைத்து, பிறகு வேறு பட்டியலோடு ஒப்பிட முடியாமல் திண்டாடுபவர்கள் பலர். கலாஷ்னிகோவின் தேர்வு நெம்புகோலில் ஆங்கில ஏ, பி போலத் தெரிவது உண்மையில் 'அவ்'. தானியங்கிச் சுடுதல் என்ற சொல்லின் தொடக்கம். அதன் கீழே உள்ள 'ஓத்' ஒற்றைச் சுடுதல்.

இப்போது விஷயத்தின் நடுப்பகுதிக்கு வருகிறேன். பேரலில் இருக்கும் ஆண்டு பேரலின் ஆண்டு மட்டுமே. பேரலும் போல்ட்டும் வந்து கூடும் உடல் பகுதிக்கு ரிசீவர் என்று பெயர், அதுதான் துப்பாக்கியின் முதுகெலும்பு. பேரல் தேய்ந்தால் மாற்றலாம், ரிசீவர் அப்படியே நிற்கும். அதன் பின்னால் வால்போல நீளும் ஒரு நாக்கின் அடிப்பக்கத்தில் ரிசீவர் செய்யப்பட்ட ஆண்டைப் பொறித்திருப்பார்கள். மேலிருந்து பார்த்தால் தெரியாது. இரண்டு திருகைக் கழற்றி, இரும்பை மரத்திலிருந்து தூக்கி, கவிழ்த்துப் பார்க்க வேண்டும். பேரலில் 1930-களின் ஓர் ஆண்டு, வாலடியில் ஜார் காலத்து ஆண்டு என்றால் அந்தத் துப்பாக்கி இரண்டு ஆட்சிகளுக்கு வேலை செய்திருக்கிறது. புரட்சிக்குப் பிறகு சிலவற்றில் ஜார் அரசின் இரட்டைத்தலைக் கழுகைத் தேய்த்து அழித்தார்கள். அழித்த தழும்பும் ஒரு முத்திரைதான். அதைப் பழுது என்று எண்ணிப் பாலிஷ் போட்டவர்களைக் கேள்விப்பட்டால் எனக்கு வயிறு எரியும்.

வாலடி ஆண்டுக்கு அமெரிக்காவில் சட்டப் பொருளும் உண்டு. 1968-ன் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி 1898-லோ அதற்கு முன்போ செய்யப்பட்டது பழம்பொருள். அதற்குச் சாதாரணத் துப்பாக்கி விதிகள் பொருந்தாது. எந்தப் பாகம் செய்யப்பட்ட ஆண்டு என்ற கேள்விக்கு ரிசீவர்தான் விடை. பேரலில் 1942 என்று இருந்தாலும் வாலடியில் 1897 என்றால் அது சட்டப்படி பத்தொன்பதாம் நூற்றாண்டுத் துப்பாக்கி. இரண்டே திருகுக்கு அடியில் இத்தனை பெரிய வேறுபாடு ஒளிந்திருக்கிறது. பழம்பொருள் அல்லாதவற்றுக்கு வேறு வழி இருக்கிறது. ஐம்பது ஆண்டு தாண்டிய அரும்பொருள் துப்பாக்கிகளுக்கென்றே சேகரிப்பாளர் உரிமம் ஒன்று உண்டு, மூன்று ஆண்டுக்கு 30 டாலர். எங்கள் தெருப் பெரியவர் அந்த உரிமத்தைக் கண்ணாடிச் சட்டகத்தில் இட்டுச் சுவரில் மாட்டியிருந்தார்.

1897, 1942 என்று நான் சொன்னது கற்பனை ஜோடி இல்லை. மோசினை அடிப்படையாக வைத்துப் பின்லாந்து கட்டிய எம்/39 ரைஃபிள்களில் இத்தகைய இணைகள் சாதாரணம். பின்லாந்து 1917 வரை ரஷ்யப் பேரரசின் ஆளுகையில் இருந்தது. விடுதலை பெற்றபோது ரஷ்யப் படைமுகாம்களில் கிடந்த ரைஃபிள்கள் அதன் கைக்கு வந்தன. பின்னர் ஐரோப்பாவில் விலைக்குக் கிடைத்த மோசின்களையும் வாங்கிச் சேர்த்தது. 1939-40 குளிர்காலப் போரிலும் அதைத் தொடர்ந்த 1941-44 போரிலும் செம்படையிடமிருந்து கைப்பற்றியவை அதற்கு மேல். பின்லாந்துக்காரர்கள் புதுப் பேரல் செய்தார்கள், புதுக் கட்டை செய்தார்கள், ரிசீவரை மட்டும் ஒருபோதும் செய்யவில்லை. பழைய ரஷ்ய ரிசீவரையே எடுத்துப் புது ரைஃபிள் கட்டினார்கள். ரஷ்யாவை எதிர்த்து நின்ற எம்/39-களில் பெரும்பாலானவற்றின் உள்ளே ஜாருக்காகச் செய்த ஓர் இரும்புத்துண்டு இருக்கிறது.

பின்லாந்துப் படையின் சொத்து என்பதற்கு ஒரு சிறு கட்டத்துக்குள் எஸ், ஏ என்ற இரண்டு எழுத்து. சுவோமென் ஆர்மெயா, அதாவது பின்லாந்துப் படை. சோவியத் 91/30 ஒன்றில் துலா நட்சத்திரமும் இந்தக் கட்டமும் அருகருகே இருந்தால் அது போரில் கைமாறியது என்று பெரும்பாலும் துணிந்து சொல்லலாம். பேரலில் தனியாக டி என்ற எழுத்து இருந்தால், பின்லாந்தின் கனமான டி-166 தோட்டாவுக்கு ஏற்ப, பேரலில் தோட்டா அமரும் அறையைச் சரிசெய்திருக்கிறார்கள் என்று பொருள். ஒரு துப்பாக்கி ரஷ்யக் காட்டில் ஒரு வீரன் கையிலிருந்து விழுந்து, எதிரி எடுத்து, தன் ஆலையில் கொடுத்துச் சீர்செய்து, தன் முத்திரையைப் பதித்து, மறுபடி அதே போர்முனைக்கு அனுப்பியது. அந்த முழுக் கதைக்கும் மிஞ்சிய சாட்சி நகக்கண் அளவுள்ள ஒரு கட்டம். என்னைக் கேட்டால் இந்தத் துறையில் இதைவிட நெஞ்சைத் தொடும் முத்திரை இல்லை.

சரி, 91/30-க்குத் திரும்புவோம். அந்தப் பெயரே முத்திரையைப் படிக்க உதவுகிறது. 1891 மாதிரியை 1930-ல் சீர்திருத்தினார்கள். பேரலை 80 சென்டிமீட்டரிலிருந்து 73 ஆகக் குறைத்தார்கள். பழைய குறிபார்வையில் தூரம் அர்ஷின் கணக்கில் இருந்தது. அர்ஷின் என்பது ஏறத்தாழ 71 சென்டிமீட்டர் கொண்ட ரஷ்ய முழம். 1930-க்குப் பிறகு அது மீட்டர் ஆனது. ரிசீவரின் முன்பகுதி முதலில் அறுகோண வெட்டோடு வந்தது, 1930-களின் நடுவில் உருண்டையானது. உருட்டுவதற்கு வேலை குறைவு. அதனால் பேரலில் 1942 என்று போட்டு ரிசீவர் அறுகோணமாக இருந்தால் ஏதோ ஒன்று இடம் மாறியிருக்கிறது. வாலடியைப் பார்க்க வேண்டிய நேரம் அது.

1941 அக்டோபர் இறுதியில் ஜெர்மன் படை துலாவின் வாசலுக்கு வந்துவிட்டது. நகரம் விழவில்லை. ஆனால் ஆலையின் இயந்திரங்களைக் கழற்றி ரயிலில் ஏற்றிக் கிழக்கே கொண்டுபோனார்கள். ரைஃபிள் செய்யும் சுமை இஷெவ்ஸ்க் தலையில் விழுந்தது. போர் ஆண்டுகளில் அந்த ஒரே ஆலை ஒரு கோடிக்கும் மேற்பட்ட ரைஃபிள்களையும், கார்பைன் எனப்படும் குட்டை ரைஃபிள்களையும் செய்தது. 1942, 1943 இஷெவ்ஸ்க் ரிசீவரை விரலால் தடவினால் கடைசல் எந்திரம் ஓடிய வரிகள் அப்படியே தட்டுப்படும். 1930-களின் துலாத் துப்பாக்கி கண்ணாடிபோல் வழுக்கும். தோல்வார் நுழையும் கட்டைத்துளைக்கு முன்பு இரும்பு விளிம்பு வைத்தார்கள், போரில் அதையும் விட்டுவிட்டார்கள். சுடுவதற்குத் தேவையில்லாத எதிலும் நேரம் செலவழிக்கவில்லை. புதிதாகச் சேகரிப்பவர்கள் இதைக் குறையென்று தள்ளிவிட்டு வழவழப்பான துலாவைத் தேடுவார்கள். எனக்கு அந்த முரட்டு 1942-தான் பிடிக்கும். எந்தெந்த வேலையை விட்டார்கள் என்பதிலேயே அந்த ஆண்டு எழுதியிருக்கிறது.

துலா ஆலை திரும்ப எழுந்தபோது அங்கே 91/30 என்றால் பெரும்பாலும் ஸ்னைப்பர் வேலைக்கானதுதான். எனவே துலா நட்சத்திரத்தோடு 1943 அல்லது 1944 கண்ணில் பட்டால் சேகரிப்பாளர் உடனே துப்பாக்கியைத் திருப்பி ரிசீவரின் இடப்பக்கத்தைப் பார்ப்பார். பியூ என்ற மூன்றரை மடங்கு தொலைநோக்கியின் தாங்கி அங்கேதான் அமர்ந்தது. போருக்குப் பிறகு பல ஸ்னைப்பர் ரைஃபிள்களின் தொலைநோக்கியைக் கழற்றி, துளைகளை அடைத்துத் தேய்த்து, சாதாரண ரைஃபிளாக மாற்றிவிட்டார்கள். வெளிச்சம் சாய்வாக விழுந்தால் அடைத்த துளைகள் வட்டமாகத் தெரியும். பேரலின் இடப்பக்கம் தொலைநோக்கியின் எண் இருந்து, அதைக் கோடிட்டு அடித்திருந்தால் சந்தேகமே இல்லை. தொலைநோக்கி இடித்துவிடாமல் இருக்க ஸ்னைப்பரின் போல்ட் கைப்பிடியை நீளமாக்கிக் கீழே வளைத்திருப்பார்கள். மாற்றியபோது அதற்குப் பதில் நேரான சாதாரண போல்ட்டைப் போட்டார்கள்.

ஏமாற்றும் இங்கேதான் அதிகம். சாதாரண 91/30-இல் புதிதாகத் துளை போட்டு, புது நகல் தொலைநோக்கியை மாட்டி, பேரலில் ஓர் எண்ணையும் அடித்தால் விலை பல மடங்கு ஏறுகிறது. புதிதாக அடித்த எழுத்தின் ஓரம் கூர்மையாக இருக்கும், நகத்தால் தடவினால் உயர்ந்த விளிம்பு மாட்டும். பழைய எழுத்தின் ஓரம் மழுங்கி, பள்ளத்துக்குள்ளும் வெளியிலும் ஒரே கருநீலம் படிந்திருக்கும். ஆனால் கிடங்கில் எண் போட்டதும் முழுத் துப்பாக்கிக்கும் மறுபடி நிறமேற்றியிருந்தால் இந்தச் சோதனையும் நிச்சயம் இல்லை. அதனால்தான் எந்த ஒரு முத்திரையையும் தனியாக நம்பக் கூடாது. ஆலை, ஆண்டு, ரிசீவரின் வடிவம், துளை, எண்ணின் எழுத்துரு எல்லாம் ஒரே கதையைச் சொல்கின்றனவா என்று பார்க்க வேண்டும்.

பிந்தைய சோவியத் ரைஃபிள்களில் வேறு சிக்கல். சோவியத் வடிவமைப்பாளர் சிமோனோவின் எஸ்.கே.எஸ். கார்பைனை ரஷ்ய எழுத்தில் எழுதினால் ஆங்கிலத்தில் சி.கே.சி. போலத் தெரியும். துலாவில் 1949-ல் உற்பத்தி தொடங்கியது. இஷெவ்ஸ்கில் 1953, 1954 என்ற இரண்டே ஆண்டுதான் செய்தார்கள், அதனால் முக்கோண அம்பு போட்டது அரிது. இதன் நட்சத்திரமும் ஆண்டும் ரிசீவரின் மேல்மூடியில் இருக்கின்றன. மூடியோ ஒரு சிறு நெம்புகோலைத் திருப்பினால் கையோடு வந்துவிடும் பாகம். 1954 இஷெவ்ஸ்க் மூடியை எந்தத் துலா எஸ்.கே.எஸ். மேலும் மாட்டிவிடலாம். அங்கே முதலில் பார்க்க வேண்டியது ஆண்டை இல்லை, மூடியின் எண்ணும் ரிசீவரின் எண்ணும் சேர்கின்றனவா என்பதை. கழற்றுவதற்குக் கடினமான பாகத்தில் உள்ள முத்திரைக்கு எடை அதிகம். வியட்நாம் போரிலிருந்து அமெரிக்க வீரர்கள் வெற்றிச் சின்னமாகக் கொண்டுவந்த எஸ்.கே.எஸ்.களுக்கு ராணுவம் கொடுத்த அனுமதிச் சீட்டு கூடவே இருந்தால் அந்தத் தாளின் மதிப்பு சில நேரம் துப்பாக்கியை மிஞ்சும்.

சோவியத் வடிவத்தில் மற்ற நாடுகளும் செய்தன, அவற்றைச் சோவியத் என்று விற்பவர்களும் உண்டு. வட்டத்துக்குள் 11 என்றால் போலந்து, இரட்டை வட்டத்துக்குள் 10 என்றால் பல்கேரியா, 02 என்றால் ஹங்கேரி, முக்கோணத்துக்குள் 26 என்றால் சீனா. மிகவும் குழப்புவது ருமேனியா: அதுவும் முக்கோணத்துக்குள் அம்புதான். இஷெவ்ஸ்க் அம்பின் வாலில் இறகு உண்டு, ருமேனிய அம்பு வெறும் தண்டு. இதை ஒருமுறை அருகருகே வைத்துப் பார்த்துவிட்டால் அப்புறம் மறக்காது.

தோட்டாவின் அடிப்பகுதியையும் படிக்கலாம். மேலே ஆலை எண், கீழே ஆண்டு. 17 என்றால் பர்னாவுல், 60 என்றால் இன்று பிஷ்கெக் எனப்படும் ஃபுரூன்ஸே, 188 நோவோசிபிர்ஸ்க், 270 லுகான்ஸ்க், 539 துலா. 1952 முதல் 1956 வரை மட்டும் ஆண்டுக்குப் பதில் எழுத்து. 1952-க்கு நாம் முன்பு பார்த்த அதே கவிழ்ந்த ட. இந்தப் பழைய தோட்டாக்களின் தீமூட்டியில் உள்ள உப்பு பேரலுக்குள் படிந்து ஈரத்தை இழுத்துத் துருவாக்கும். சுட்ட பிறகு வெந்நீர் விட்டுக் கழுவாத பேரல்களின் உள்பக்கம் கறுத்துப் போயிருப்பதற்கு அதுதான் காரணம்.

சோவியத் ஒன்றியம் கலைந்த பிறகு பெட்டிகள் திறந்தன. ரஷ்யாவிலிருந்தும் உக்ரைனிலிருந்தும் மோசின்கள் அமெரிக்கச் சந்தைக்குக் கப்பல் கப்பலாக வந்தன. நூறு டாலருக்கும் குறைவாக 91/30 கிடைத்த காலம் அது. மலிவு என்பதாலேயே எத்தனையோ துப்பாக்கிகள் பாழாயின. கட்டையின் பளபளக்கும் அரக்கு வார்னிஷ் அசிங்கமாக இருக்கிறது என்று உரித்து, உப்புத்தாளால் தேய்த்துப் புது எண்ணெய் பூசினார்கள். அந்தத் தேய்ப்பில் கட்டையில் இருந்த கிடங்கு முத்திரைகள் போய்விட்டன. அரக்கு பூசியதும் ஒரு நாட்டின் வேலைமுறை, அதுவும் ஆவணம்தான். கிரீஸை வழித்தால் போதும், மரத்தைத் தொட வேண்டாம் என்று பெரியவர் வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். நானும் அதையே சொல்கிறேன்.

கடைசி முத்திரை ஒன்று பாக்கி. அமெரிக்காவுக்குள் இறக்குமதியாகும் துப்பாக்கியில் இறக்குமதியாளரின் பெயர், ஊர், மாதிரி, அளவு, செய்த நாடு ஆகியவற்றைப் பொறிக்க வேண்டும் என்பது சட்டம். சேகரிப்பாளர்கள் இதை வெறுப்பார்கள், இது இல்லாத துப்பாக்கிக்குக் கூடுதல் விலை கொடுப்பார்கள். அந்த வெறுப்பு எனக்குப் புரிகிறது, ஆனால் நான் அதில் சேரமாட்டேன். சேமிப்புக் கிடங்கிலிருந்து பெட்டியோடு வந்ததா, ஒரு வீரன் மூட்டையில் வந்ததா என்பதைப் பெரும்பாலும் அந்த எழுத்துதான் சொல்கிறது. அன்று மேசையில் கிடந்த 1943 இஷெவ்ஸ்கின் பேரல் முனையில், குறிமுளைக்குக் கொஞ்சம் பின்னால், புள்ளிப் புள்ளியாகக் குத்திய ஒரு வரி இருந்தது. பெரியவர் கருப்புக் குறிப்பேட்டைத் திறந்து ஆலை, ஆண்டு, முன்னொட்டு, சதுரக் கோடு, தேய்த்த போல்ட், அடித்த தகடு என்று வரிசையாக எழுதிக்கொண்டே வந்து, அந்தப் புள்ளி வரியையும் ஓர் எழுத்து விடாமல் அதே கையெழுத்தில் சேர்த்துக்கொண்டார்.